நாலடிக்கு மேல் எழுப்பலாகாது

"ஹலோ... அது என் இடம்."

குரல் பின்னாலிருந்து வந்தது. அவள் திரும்பவில்லை. பத்திரப் பதிவு அலுவலகத்தின் நகல் பிரிவு ஜன்னலில் ஒன்றரை மணி நேரம் நின்று பிடித்த இடம். யார் கேட்டாலும் தருவதாக இல்லை.

"மேடம், உங்களைத்தான். நான் நாப்பத்தொண்ணு."

"வயசா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"டோக்கன்!"

அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை நனைந்து நின்றான். நெற்றி முடியிலிருந்து மழை சொட்டுச் சொட்டாக மூக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. முழங்கைவரை சேறு. ஆனால் அந்தக் கண்கள்... சண்டை போடக் கிளம்பி, வரும் வழியில் கோபத்தை எங்கேயோ தொலைத்துவிட்டு வந்த கண்கள்.

"நாப்பத்தொண்ணைக் கூப்பிட்டப்போ நீங்க இல்ல. நான் நாப்பத்திரெண்டு. இருக்கேன்."

"வாசல்ல ஒரு மாடு வழுக்கிப் பள்ளத்துல விழுந்துடுச்சு. தூக்கி விட்டுட்டு வர்றேன்."

"ஊர்ல வேற ஆளே இல்லையா? நீங்கதான் தூக்கணுமா?"

"நான் மாட்டு டாக்டர் மேடம். அது என் முகத்தைத்தான் பாத்துச்சு."

சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். சிரித்தால் இடம் போய்விடும் என்று ஒரு பயம்...

ஜன்னலுக்கு உள்ளே இருந்த எழுத்தர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, ஒரு கனத்த புத்தகத்தைத் தூக்கி வந்து மேசையில் போட்டார். தூசி எழுந்து அடங்கியது.

"ரெண்டு பேரும் சண்டையை நிறுத்துங்க. ரெண்டு பேரும் கேட்டிருக்கறது ஒரே மூலப் பத்திரம். புத்தகமும் ஒண்ணுதான். அந்த பெஞ்சுல உக்காந்து சேர்ந்து படிச்சுட்டு, எந்தப் பக்கத்துக்கு நகல் வேணும்னு சொல்லுங்க. கிழிஞ்சா ரெண்டு பேர் தலையும் உருளும்."

ஒரே பத்திரமா? அவள் அவனை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவள் வீடு இருக்கும் குடியிருப்பில் இருபத்துநான்கு வீடுகள். ஐம்பது வருடங்களுக்கு முன்பு ஒரே முதலாளி மனை பிரித்து விற்றது. அதில் எந்த வீட்டுக்காரனோ...

பெஞ்சின் இரண்டு நுனிகளில் உட்கார்ந்தார்கள். புத்தகம் நடுவில். ஆனால் எழுத்து பொடி எழுத்து. ஒவ்வொரு பக்கம் புரளும்போதும் இருவரும் ஓர் அங்குலம் நெருங்க வேண்டியிருந்தது.

"எனக்கு ஒண்ணும் புரியல. கோழி கிறுக்கின மாதிரி இருக்கு" என்றான் அவன். "கோழி கிறுக்கினா கூட எனக்குக் கொஞ்சம் புரியும்."

"நகருங்க. நான் படிக்கிறேன். எனக்கு வாரம் முழுக்க இதுதான் வேலை."

"வக்கீலா?"

"சர்வேயர். நிலம் அளக்கிறவ." சொல்லும்போது அவளுடைய முதுகு தானாக நிமிர்ந்தது. எப்போதும் அப்படித்தான். உரிமம் வாங்கி ஆறு வருடம். ஒரு எல்லையைக்கூட இரண்டாவது தடவை போய்த் திருத்தியதில்லை.

தகரக் கூரையில் மழை கொட்டியது. அவள் விரலை வரியின் மேல் ஓட்டி வாசித்தாள். அவள் குரலைக் கேட்பதா, விரலைப் பார்ப்பதா என்று அவனுக்குக் குழப்பம். இரண்டையும் விட்டுவிட்டு அவள் இமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்...

"இதோ. நிபந்தனை ஒன்பது. 'ஒவ்வொரு வீட்டுக்கும் காற்றும் வெளிச்சமும் தடையின்றிக் கிடைக்கும் பொருட்டு, மேற்படி மனைகளுக்கு இடையே நாலடிக்கு மேல் மதிலோ அடைப்போ எழுப்பலாகாது. இந்த நிபந்தனை வாங்குவோரையும், அவர்தம் வாரிசுகளையும், பின்னிட்டுக் கிரயம் பெறுவோர் யாவரையும் கட்டுப்படுத்தும்.'"

"அப்படிப் போடு!" பெஞ்சே அதிர்ந்தது. "இதைத்தான் தேடினேன். யாவரையும்! அந்த வார்த்தையை இன்னொரு தடவை வாசிங்களேன்."

"என்ன விஷயம்?"

"பக்கத்து வீட்டுல எட்டு மாசம் முன்னாடி ஒருத்தர் குடி வந்தார். ரிட்டையர்டு ரயில் டிரைவர். வந்ததும் வராததுமா ஆளுயரத்துக்கு மதிலை எழுப்பி எங்க வீட்டு ஜன்னலை அடைச்சுட்டார். அரையடி எங்க நிலத்தையும் சேத்து அமுக்கிட்டார். வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கேன். பெரிய ஆளுன்னு நெனப்பு. இனிமே தெரியும்..."

அவள் விரல் அந்த வரியிலேயே நின்றது.

மெதுவாக எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அந்த ரயில் டிரைவர் என் அப்பா. உங்க நோட்டீஸுக்காகத்தான் நானும் இந்தப் பத்திரத்தைத் தேடி வந்தேன்."

அவன் புத்தகத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"நீங்க... அந்த வீட்டுல உங்களைப் பாத்ததே இல்லையே!"

"மாற்றலாகி வந்து நாலு நாள்தான் ஆச்சு. அதோட, நடுவுல மதில் இருக்கே. ஆறடி." அவள் கண்களில் இப்போது வேறு மழை மூட்டம். "எங்கப்பா மதில் கட்டினார், சரி. அரையடி அமுக்கிட்டார்னு எதை வெச்சுச் சொல்றீங்க?"

"பாத்தாலே தெரியுதே."

"பாத்து சொல்றது மாட்டுக்குச் சரியா வரும். நிலத்தை அளந்துதான் சொல்லணும். ஞாயித்துக்கிழமை காலைல நான் அளக்கிறேன்."

"உங்க அப்பா மதிலை... நீங்களே?"

அந்த 'நீங்களே'யில் இருந்த லேசான சிரிப்பு அவளைச் சுட்டுவிட்டது.

"என் கோடு எங்கப்பாவுக்காகவும் வளையாது, உங்களுக்காகவும் வளையாது. சந்தேகம் இருந்தா வேற ஆளைக் கூட்டிட்டு வாங்க."

அவன் பதில் சொல்லுமுன் அவள் மழைக்குள் இறங்கிவிட்டாள். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவன் வாசலையே பார்த்திருந்தான். இவ்வளவு திமிரா... என்று நினைத்தான். அந்தத் திமிர் ஏன் இவ்வளவு அழகாக இருக்கிறது என்றும் நினைத்தான்.

வேறு ஆளை அவன் கூட்டி வரவில்லை.

ஞாயிறு காலை அவள் அளவுக் கருவியும் அதைத் தாங்கும் முக்காலியுமாக மதிலின் மறுபக்கம் வந்தாள். அப்போதுதான் அந்த அறையைப் பார்த்தாள். கிழக்குப் பார்த்த ஜன்னல். ஜன்னலோரம் தையல் மெஷின். மெஷினுக்கு முன்னால் அவனுடைய அம்மா. வெளியே நல்ல வெயில். உள்ளே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

"வாம்மா" என்றார் டெய்லரம்மா, தலையை நிமிர்த்தாமல். கையில் கறுப்புக் கோட்டு. கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் பொத்தான் துளை தைத்துக்கொண்டிருந்தார். "முப்பது வருஷமா இந்த ஜன்னல் வெளிச்சத்துலதான் தைக்கிறேன். லைட்டு போட்டா நிழல் ஊசி மேலயே விழுது. நாலு தடவை விரல்ல குத்திக்கிட்டேன்."

"அப்பாகிட்ட வந்து நேர்ல சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி..."

"சொன்னேன். 'என் இடம், என் செவுரு'ன்னார். அதுக்கு மேல கெஞ்ச எனக்கு வாய் வராது. எனக்கு தயவு வேண்டாம்மா. எழுத்துல என்ன இருக்கோ அது போதும்."

அவளுக்கு அந்த அம்மாளைச் சட்டென்று பிடித்துவிட்டது. தன்னையே முப்பது வருடம் தள்ளி வைத்துப் பார்த்த மாதிரி...

அளக்கத் தொடங்கினாள். மாட்டு டாக்டர் அளவுக் கம்பைப் பிடித்தான்.

"கம்பு சாயுது."

"இப்போ?"

"இன்னும் சாயுது. நேரா பிடிங்க. என்னைப் பாக்காதீங்க, கம்பைப் பாருங்க."

"கம்பைப் பாத்தாதான் சாயுது."

கருவியின் கண்ணாடிக்குள் அவன் முகம் தெரிந்தது. தேவைக்கு அதிகமாக ஒரு நொடி பார்த்துவிட்டாள். யாரும் கவனிக்கவில்லை என்று எண்ணி எண்களைக் குறித்துக்கொண்டாள். காது நுனி சிவந்திருந்தது அவளுக்குத் தெரியாது.

மூலை எல்லைக்கல் கிடைக்கவில்லை. வரைபடப்படி அது புதருக்கு அடியில் இருக்க வேண்டும். மண்டி போட்டு இருவரும் மண்ணைத் தோண்டினார்கள். ஒன்றரை அடி ஆழத்தில், ஈர மண்ணுக்குள், அவள் விரல் கல்லைத் தொட்டது. அதே நேரம் அவன் விரலும்...

இருவரும் கையை எடுக்கவில்லை. இருவரும் கல்லையே பார்த்தார்கள்.

"கல்லுதானே?" என்றான் அவன்.

"கல்லுதான்..." என்று சொல்லிவிட்டு அவள் அவசரமாக எழுந்தாள்.

மாலைக்குள் கணக்கு முடிந்தது. மதிலின் உயரம் ஆறடி ஒரு அங்குலம். நிபந்தனையை மீறியது. ஆனால் மதில் முழுவதும் அப்பாவின் மனைக்குள்ளேயே நின்றது. எல்லைக் கோட்டிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே தள்ளி, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பிசகாமல்.

இரண்டு பக்க அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்தாள்.

அப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் படித்தார். முப்பத்தைந்து வருடம் ரயில் ஓட்டிய கைகள். காகிதம் அசையவில்லை.

"ஆறடி ஒரு அங்குலம்..." என்றார். "அந்த ஒரு அங்குலத்தைக்கூட விட மனசு வரலியா?"

"இருந்துதே அப்பா."

"வேலைல சேர்ந்த நாள்லேர்ந்து குவார்ட்டர்ஸ் வீடு. செவுத்துல ஒரு ஆணி அடிக்கணும்னா மனு போடணும். பிறத்தியார் செவுத்துக்குள்ளயே முடி நரைச்சுது. கடைசில எனக்குன்னு ஒரு செவுரு கட்டினேன். அதை இடிக்கச் சொல்லி என் பொண்ணே கையெழுத்துப் போட்டிருக்கா. ரொம்ப நல்லாருக்கு."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இரண்டாம் பக்கத்தைப் புரட்டவே இல்லை. எழுந்து போய்விட்டார்.

இரண்டு நாள் பேச்சு இல்லை. அம்மாதான் நடுவில் திண்டாடினாள்.

"உங்கப்பா வாயை மூடிட்டா வீடு, ரயில் போன ஸ்டேஷன் மாதிரி ஆயிடுது. போய் ஒரு வார்த்தை சமாதானமா பேசேன்டி."

"தப்பா எழுதியிருந்தா பேசலாம்மா. சரியா எழுதிட்டு என்னத்தைப் பேச?"

அம்மா முகவாயில் கை வைத்துக்கொண்டாள். "சரிதான்... ரெண்டும் ஒரே இரும்பு."

அவள் அழவில்லை. ஆனால் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள், ஊருக்கு வெளியே புதுச் சாலைக்காக அளந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க் கொட்டகைக்குள் ஓடி ஒதுங்கினாள். பைக் சத்தம். மருந்துப் பையோடு அவன்.

"உங்கம்மா எங்கம்மாகிட்ட சொன்னாங்களாம். உங்கப்பா உங்ககிட்ட பேசறதில்லையாமே..."

"அது எங்க வீட்டு விஷயம்."

"என்னாலதானே. அதான்... ஒரு முடிவுக்கு வந்துட்டேன்." மூச்சை இழுத்துக்கொண்டான். "நோட்டீஸை வாபஸ் வாங்கிடறேன். மதில் அப்படியே இருக்கட்டும். அம்மாவை முன் ரூமுக்கு மாத்திக்கிறேன். உங்களுக்காக..."

அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தான். அது இறுகியது.

"எனக்காகவா?"

"ஆமா..."

"முப்பது வருஷம் அந்த ஜன்னல்ல உக்காந்து சம்பாதிச்சது உங்கம்மா. அவங்க வெளிச்சத்தை எடுத்து எனக்குப் பரிசா குடுக்க நீங்க யாரு? அவங்களைக் கேட்டீங்களா?"

"இல்ல... நான்..."

"எங்கப்பா பேசாம இருந்தாலும் பரவாயில்லன்னு நான் நின்னேன். ஏன்? அளந்தது நிஜம். அதை ஒண்ணுமில்லாம ஆக்கிடறேன்னு வந்து நிக்கறீங்க. இதுக்கு என் பேப்பரைக் கிழிச்சுப் போட்டிருக்கலாம்."

"நான் அப்படி நெனச்சு..."

"இன்னொண்ணு. விட்டுக்கொடுக்க உங்ககிட்ட இருக்கறது மதில் இல்ல. எங்கப்பா நிலத்தைத் திருடினார்னு எழுதினீங்களே, அதுதான் உங்களோடது. அது பொய்னு ரெண்டாம் பக்கத்துல இருக்கு. அதைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

அவள் கண்கள் பளபளத்தன. கோபத்தாலா, வேறு எதனாலா... மழையில் எப்படித் தெரியும்? தொப்பியை அழுத்திக்கொண்டு, கொட்டும் மழையிலேயே கருவியை நோக்கி நடந்துவிட்டாள்.

அவன் மருந்துப் பையைப் பைக்கில் மாட்டினான். திட்டு வாங்கிய வலி இருந்தது. அதைவிட அதிகமாக ஒரு பெருமிதம் இருந்தது. யாரோ ஒரு பெண், என் அம்மாவுக்காக என்னோடேயே சண்டை பிடிக்கிறாள்... இவளை விட்டுவிட்டால் நான் மனுஷனே இல்லை.

அடுத்த ஞாயிறு, காலை ஒன்பது மணி. இஸ்திரி போட்ட சட்டையோடு ரயில் டிரைவர் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு வந்தான். அப்பா வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த அவள் பாதியில் நின்றுவிட்டாள்.

"என்ன தம்பி, அடுத்த நோட்டீஸா? இப்போ கையிலயே கொண்டு வந்துட்டீங்களா?"

"இல்ல சார். மன்னிப்பு." உறையிலிருந்து காகிதத்தை எடுத்தான். "நீங்க எங்க மனைல அரையடி எடுத்துக்கிட்டதா எழுதியிருந்தேன். அது தப்பு. அளந்து பாக்காம எழுதினது. கையெழுத்துப் போட்டுக் கொண்டு வந்திருக்கேன். தெருவுல எல்லார்கிட்டயும் இதைப் படிச்சுக் காட்டச் சொன்னாலும் காட்டறேன்."

அப்பா நிமிர்ந்தார்.

"மதிலைப் பத்தி?"

"அதைப் பத்திப் பேச வரல சார். அது பத்திரத்துக்கும் உங்களுக்கும் நடுவுல. என் தப்பை மட்டும்தான் சொல்ல வந்தேன்."

"அரையடி எடுக்கலைன்னு இப்போ மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"உங்க பொண்ணு எழுதியிருக்காங்களே. ரெண்டாம் பக்கத்துல."

"ரெண்டாம் பக்கமா?"

அப்பா திரும்பி மாடிப்படியைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் அறிக்கையையும் மூக்குக்கண்ணாடியையும் எடுத்து வந்தார். நின்றுகொண்டே படித்தார். உரக்கப் படித்தார்.

"'மதிலின் முழு நீளமும் கிழக்கு மனைக்குள்ளேயே அமைந்துள்ளது. எந்த இடத்திலும் மேற்கு மனைக்குள் மீறவில்லை. கட்டியவர் அண்டை எல்லையை மிகுந்த கவனத்தோடு மதித்திருக்கிறார்.'"

கடைசி வரியை இன்னொரு முறை படித்தார். உதடு மட்டும் அசைந்தது.

"இதை ஏன்மா முதல் பக்கத்துல எழுதல?"

"உயரம்தான் முதல் கேள்வி அப்பா. அதான்..."

அப்பா சிரித்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா குழாயை மூடிவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"முப்பத்தஞ்சு வருஷம் வண்டி ஓட்டினேன் தம்பி. ஒரு சிவப்பைத் தாண்டினதில்லை. சிவப்பு எரிஞ்சா நிக்கணும். ஏன் எரியுது, யாருக்காக எரியுதுன்னு கேட்டுட்டு நிக்கறவன் டிரைவர் இல்ல." காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "என் கிரயப் பத்திரத்துலயும் ஒரு வரி இருந்துது, மூலப் பத்திர நிபந்தனைகளுக்கு உட்பட்டதுன்னு. படிச்சுட்டுத் தாண்டிப் போயிட்டேன். இந்த ஒரு சிவப்பைத் தாண்டிட்டேன். போதும்."

மறுநாள் கொத்தனார் வந்தார். முதல் வரிசைக் கல்லை அப்பா தன் கையாலேயே பெயர்த்தார்.

"எவ்வளவு உயரம் விடணும் சார்?"

"நாலடி. கோடு போட்டிருக்கு பாருங்க. என் பொண்ணு போட்டது. அதுல ஒரு நூல் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். அவளுக்குத் தப்பா அளக்கத் தெரியாது."

கொத்தனாரிடம் சொன்னார். தெருவில் போன தபால்காரரிடம் சொன்னார். எதிர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். மாடியில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு அத்தனையும் கேட்டது. வரைபடத்தின் கோடுகள் கலங்கலாகத் தெரிந்தன. இமைத்து இமைத்துப் பார்த்தாள்...

நான்கு நாளில் வேலை முடிந்தது. காலை வெயில் மதிலைத் தாண்டி டெய்லரம்மாவின் ஜன்னலுக்குள் நேராகப் போய் விழுந்தது. டியூப்லைட் அணைந்திருந்தது. மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

அவள் உயரத்தைக் கடைசியாகச் சரிபார்க்க டேப்போடு வந்தாள். மறுபக்கம் அவன் நின்றான். நடுவில் மார்பளவு மதில்.

"நாலடி சரியா இருக்கா?" என்றான்.

"இருக்கு."

"நான் அன்னிக்கு வாபஸ் வாங்கறேன்னு சொன்னது..."

"தப்பு."

"தப்புதான். ஆனா எதுக்காகச் சொன்னேனோ, அது தப்பில்ல."

அவள் டேப்பைச் சுற்றத் தொடங்கினாள். மிக மெதுவாகச் சுற்றினாள்.

"எதுக்காகச் சொன்னீங்க? சுத்தி வளைக்காம நேரா சொல்லுங்க. எனக்கு நேர்கோடுதான் புரியும்."

அவன் தொண்டையைச் செருமினான். முரட்டுக் காளைகளுக்கு அசராமல் ஊசி போடுகிறவன். இப்போது மதில் மேலிருந்த சிமென்ட் தூளைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. அந்த பெஞ்சுல நீங்க படிச்சப்போ கொஞ்சம். கொட்டகைல என்னைக் கிழிச்சப்போ ரொம்ப. உங்களோட இருந்தா நான் சரியா இருப்பேன்னு தோணுது. கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்கறேன். நீங்க யோசிச்சு..."

"யோசிச்சாச்சு."

"எப்போ?"

"அந்தக் காகிதத்தோட எங்கப்பா முன்னாடி வந்து நின்னீங்களே, அப்போ." அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்களில் வெட்கம் இருந்தது. ஆனால் அவை தாழவில்லை. "தலை குனிஞ்சு நிக்கல நீங்க. தப்பை ஒத்துக்கிட்டு, நிமிர்ந்து நின்னீங்க. அப்படி நிக்கத் தெரிஞ்சவரை எனக்கும் பிடிச்சிருக்கு... ரொம்பப் பிடிச்சிருக்கு. எங்கப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன். நீங்க உங்கம்மாகிட்ட எப்போ சொல்லப் போறீங்க?"

ஜன்னலுக்குள் மெஷின் சட்டென்று நின்றது.

"யாரும் வந்து சொல்ல வேண்டாம்" என்றது டெய்லரம்மாவின் குரல். "இங்கேயே எல்லாம் கேக்குது. நீ அவளைப் பேச விடுடா. இன்னொரு தடவை சொல்லும்மா, நான் நூல் மாத்தும்போது பாதிதான் காதுல விழுந்துது."

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவள் சிரித்துவிட்டாள். அடக்காத, முழுச் சிரிப்பு. பிறகு ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"உங்க பையனை எனக்குப் பிடிச்சிருக்கு ஆன்ட்டி!"